முழங்கால் தண்ணீரில் ஒரு முழுக்கு

என் குடல் இறங்கியது ஜப்பான்காரன் காலத்தில். மரவள்ளிக்கிழங்கு மூட்டையைச் சைக்கிளில் ஏற்றும்போது அடிவயிற்றில் ஏதோ முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது. கை வைத்துப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். அழுத்தினால் உள்ளே போனது. இருமினால் வெளியே வந்தது. சில மாதங்கள் இடுப்பை ஒரு துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்போது நாங்கள் மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்தோம். நானும் என் மனைவியும்தான். ஊழியக்காரர் வீடு என்று சொல்வார்கள். பலகை வீடு. முன் பாதியில் சபை கூடும். பின் பாதியில் நாங்கள் குடியிருந்தோம். நடுவே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும்.

நான் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவன். நாலாம் வகுப்போடு சரி. வெள்ளைக்காரப் பாதிரியார் தோட்டத்துக்கு வந்து பேசும்போது அவருடைய தமிழ் முன்வரிசைக்கே எட்டாது. ஒரு நாள் அவர் சொன்னதை நான் சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். கூலிக்காரர் வீட்டு வரிசைகளில் கடைசி லயம் வரை கேட்டது. என் தொண்டையைப் பார்த்துத்தான் அவர் என்னை ஊழியத்துக்கு எடுத்தார்.

என் மனைவி பட்டணத்தில் மிஷன் விடுதியில் வளர்ந்தவள். எனக்கு மேல் படித்தவள். கல்யாணம் ஆனதிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம். சனிக்கிழமை அவள் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டே வேதத்தில் ஒரு பகுதியை வாசிப்பாள். விளங்காத சொல்லுக்கு அர்த்தம் சொல்வாள். நான் கேட்டுக் கேட்டு மனசில் ஏற்றிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை நான் நின்று முழங்குவேன். அவள் பெண்களோடு பாயில் உட்கார்ந்து, முதல் தடவை கேட்கிறவள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. முன்னால் நிற்கிறவன் நான்தானே.

சண்டை வந்தது. பாதிரியாரையும் அவர் மனைவியையும் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தார்கள். சபை எங்கள் தலையில் விழுந்தது. கூடுவதற்குப் போலீஸ் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். என்ன பிரசங்கம் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அரிசி இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. சபையில் பங்கிடும் இராப்போஜனத்துக்கு ரொட்டி கிடைக்காமல் மரவள்ளி மாவில் அடை தட்டினோம். சைக்கிளுக்கு டியூப் கிடைக்கவில்லை. தண்ணீர் பாய்ச்சும் ரப்பர்க் குழாயை வெட்டி டயருக்குள் திணித்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனேன். அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. தொண்டை இருந்தது.

ஒரு நாள் வீக்கம் உள்ளே போக மறுத்தது. வாந்தி எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அன்றைக்கே வயிற்றைக் கீறினார்கள்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வீட்டுக்கு அனுப்பும் அன்று கட்டிலருகே வந்து நின்றார்.

“நீர் என்ன வேலை செய்யிறீர்?”

“பிரசங்கம் பண்றேன் ஐயா.”

“எவ்வளவு சத்தமா?”

“கடைசி லயத்துக்குக் கேக்கிற மாதிரி.”

“அப்ப கொஞ்சக் காலத்துக்கு வேற ஆளைப் பாரும். பாரம் தூக்கக் கூடாது. சைக்கிள் ஓடக் கூடாது. சத்தம் போட்டுக் கதைக்கக் கூடாது. தும்மல் வந்தா தலையணையை வயித்தில வச்சு அமத்தும். தையல் நூலுக்கே தட்டுப்பாடு. திரும்பி இங்க வந்திடாதையும்.”

என் மனைவிக்கும் அதே ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கீறியிருக்கிறார்கள். சண்டைக்கு முன்னால். கர்ப்பப்பையில் கட்டி. கட்டியை எடுத்தபோது கர்ப்பப்பையும் போனது. அவளுக்கு வெள்ளைக்கார டாக்டர். வெள்ளை விரிப்பு. பாதிரியாரின் மனைவி நாள் தவறாமல் கோழி சூப் கொண்டுவந்தார். எனக்கு மரவள்ளிக் கஞ்சி. கட்டின துணியையே அலசிக் காயவைத்து மறுபடி கட்டினார்கள். படுத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அவளுடைய நோய் மேலேயே எனக்குப் பொறாமை வந்தது. பிள்ளை இல்லாமல் போனதை அந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவில்லை.

வீட்டில் எனக்கு எழுந்திருக்கத் தெரியவில்லை. நேராக எழப் பார்த்தால் தையல் இழுத்தது. அவள்தான் சொல்லிக்கொடுத்தாள்.

“ஒரு பக்கமாத் திரும்புங்க. கையை ஊனுங்க. வயித்தை மறந்துடுங்க. தொடையால எழுந்திரிங்க.”

சொன்னபடி செய்தேன். எழ முடிந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

சபை மூப்பர் ஒரு தையல்காரர். பண்டார் ஹிலிரில் கடை. ஒல்லியான மனுஷன். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். அவர் வந்து கேட்டார்.

“ஞாயித்துக்கிழமைக்கு என்ன பண்றது ஐயா? நீங்க தேறுற வரைக்கும் வெறும் ஜெபம் பண்ணிட்டுக் கலைஞ்சிடலாமா?”

நான் யோசித்தேன். என் மனைவிக்குச் சின்னக் குரல். பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. ஒரு வாரம் பார்ப்பார்கள், இரண்டு வாரம் பார்ப்பார்கள், ஐயா எப்போது வருவார் என்று கேட்பார்கள்.

“இவ வாசிக்கட்டும்,” என்றேன். “வாசிச்சிட்டு உக்காந்துக்கட்டும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பின்னறையில் படுத்திருந்தேன். காது பலகையில் இருந்தது. அவள் வாசித்தாள். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டு கூட்டத்துக்குச் சாப்பாடு போட்ட கதை. வாசித்து முடித்ததும் பாய் சரசரத்தது. உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

“இதுல உங்களுக்கு எது விளங்கல?” என்று கேட்டாள்.

யாரும் பேசவில்லை. நான் மனசுக்குள் சிரித்தேன்.

பிறகு ஒரு பெண் குரல். “அந்தப் பையன் கையில இருந்த அப்பத்தை வாங்கினாங்களே. அவன் அம்மா வீட்ல தேட மாட்டாளா?”

“தேடத்தான் தேடுவா,” என்றாள் என் மனைவி.

“நம்ம பையனா இருந்தா கூட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாலேயே மரத்துக்குப் பின்னால நின்னு தின்னு முடிச்சிருப்பான்,” என்றாள் இன்னொருத்தி.

“மிச்சம் கூடை கூடையா இருந்துச்சாமே. அதெல்லாம் யாரு வீட்டுக்குப் போச்சு?”

“மூப்பர் வீட்டுக்கு.”

சிரிப்பு. மூப்பரும் சிரித்தார். அவருடைய சிரிப்பு எனக்குத் தெரியும். தும்மல் மாதிரி இருக்கும். அதே கதையை நான் எத்தனையோ தடவை முழங்கியிருக்கிறேன். ஒரு ஆளும் வாய் திறந்ததில்லை.

பிறகு சிரிப்பு அடங்கியது. ஒருத்தி அழுதாள். அவள் பேசியது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சயாம் என்ற சொல் மட்டும் கேட்டது. மற்றவர்களும் மெதுவாகப் பேசினார்கள். பலகையில் காதை வைத்து அழுத்தினேன். தையல் வலித்தது. கேட்கவில்லை.

எங்கள் சபை ஆண்களில் பாதிப் பேரை சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். முன்பு பெண்கள் பின்னால் உட்காருவார்கள். ஆண்கள் போனபிறகு முன்னால் பின்னால் என்பதே இல்லை. நான் அதை முன்பே பார்த்திருக்க வேண்டும். நான் நின்ற இடத்திலிருந்து கடைசி வரிசையைத்தான் பார்ப்பேன்.

போலீஸ் ஸ்டேஷனில் மூப்பருக்கு ஒரு சங்கடமும் வரவில்லை. “என்ன பிரசங்கம்னு கேட்டான் ஐயா. பிரசங்கமே இல்லை, கிழவிங்க பேசிக்கிறாங்கன்னு சொன்னேன். சரி போன்னுட்டான்,” என்றார். அதை அவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார்.

பக்கத்தில் மலாக்காச் செட்டிகள் குடியிருந்தார்கள். கோயிலும் பூஜையும் உண்டு, தமிழ் கிடையாது. மலாய்தான் பேசுவார்கள். அந்த வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என் வயிற்றைப் பற்றி விசாரித்தார். தேறிவருகிறது என்றேன். அவசரமில்லை, மெதுவாகத் தேறட்டும், இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது என்று மலாயில் சொல்லிவிட்டு, ஒரு வாழைச் சீப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். நல்ல மனுஷன்.

என் மனைவி நடந்தாள். என் சைக்கிள் போன இடமெல்லாம் நடந்து போனாள். உஜோங் பாசிர் வரை போவாள். திரும்பி வரும்போது முந்தானையில் ஏதாவது இருக்கும். ஒரு பிடி மாவு. முருங்கைக்கீரை. ஒரு தடவை உப்பு. எங்கள் சபைப் பெண்கள் வீட்டில் சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து ஊழியக்காரருக்குக் கொடுப்பார்கள். அரிசி போன பிறகும் கைப்பிடி நிற்கவில்லை. முன்பு அதை நான் பிரசங்கம் செய்யும் மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள். இப்போது பின்வாசலில் வந்து அவள் கையில் கொடுத்தார்கள்.

நான் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

“அம்மா இருக்காங்களா ஐயா?”

“இருக்கா.”

“உடம்பு எப்படி இருக்கு ஐயா?”

“பரவாயில்ல.”

அதோடு சரி. என்னைச் சுற்றிக்கொண்டு பின்னால் போவார்கள். உள்ளே பேச்சு மணிக்கணக்கில் நடக்கும். நான் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாதிப் பேருக்கு டயரை வெட்டித் தைத்த செருப்பு. சிலருக்கு அதுவும் இல்லை.

நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. கஞ்சியில் உப்புக் குறைவு என்றேன். தண்ணீர் சூடு போதாது என்றேன். அவளுக்குப் புரிந்திருக்கும். உப்பைக் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீரை மறுபடி சுடவைத்தாள். சனிக்கிழமை கீரை ஆயும்போது பழைய மாதிரி வாசித்தாள். “கேட்டுக்குங்க. தேறினதும் நீங்கதான பேசப்போறீங்க,” என்றாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

தெங்கேராவில் ஒரு சீனர் வீட்டில் துணி துவைக்கிற ஒரு பெண் எங்கள் சபைக்கு வருவாள். அவள் புருஷனுக்கு நான்தான் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். எங்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளிப்பது இல்லை. கடலில் இறங்கி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று நாமமும் சொல்லி, ஆளை மல்லாக்கச் சாய்த்து முழுசாக முக்கி எடுக்க வேண்டும். அவன் எடுத்தபோது அவள் எடுக்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்றாள். அவனை சயாமுக்குக் கொண்டுபோனார்கள். லாரி ஏறும்போது, நீயும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனானாம்.

அவள் ஒரு நாள் வந்து, முன்வாசலிலேயே நின்றாள். பின்னால் போகவில்லை.

“ஐயா, எனக்கு முழுக்கு வேணும்.”

எனக்கு உடம்பில் ரத்தம் ஓடியது. அத்தனை நாளில் என்னைத் தேடி வந்த முதல் ஆள் அவள்தான். வாசிப்பது, பேசுவது, வீடு வீடாகப் போவது எல்லாம் என் மனைவி பக்கம் போய்விட்டது. முழுக்கு என் கையில் இருந்தது. அது போனால் எனக்கு ஒன்றும் இல்லை.

“குடுக்கிறேன்,” என்றேன்.

அவள் தரையைப் பார்த்தாள். “அம்மா குடுத்தா நல்லா இருக்கும் ஐயா.”

என் மனைவி கதவருகே வந்து நின்றிருந்தாள்.

“பொம்பளை குடுக்கிறது வழக்கமில்ல,” என்றேன்.

“வழக்கமெல்லாம் இப்ப எங்க ஐயா இருக்கு? எங்க குடியிருப்புக் கம்பத்துல பொம்பளைங்கதான் கிணறு வெட்டுறோம்.”

“கிணறு வேற. இது வேற.”

“ஐயாவே குடுப்பாரு,” என்றாள் என் மனைவி. “உடம்பு தேறட்டும். கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“பொறுக்க முடியாதும்மா. எங்க அண்ணன் தம்பின் டவுன்ல இருக்காரு. வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி அனுப்பிட்டாரு.”

“வர்ற ஞாயிறு குடுக்கிறேன்,” என்றேன்.

அவள் போனபிறகு என் மனைவி கேட்டாள். “டாக்டர் என்ன சொன்னாரு?”

“சத்தம் போடக் கூடாதுன்னாரு. மெதுவாச் சொல்லிக்கிறேன்.”

“பாரம் தூக்கக் கூடாதுன்னாரு.”

“இடுப்பளவு தண்ணியில ஆளுக்குப் பாரம் இல்ல. உனக்குத் தெரியாது. நீ எறங்கினதில்ல.”

அது உண்மைதான். இடுப்பளவு தண்ணீரில் ஆள் மிதக்கும். ஒரு கை போதும். அதை நம்பித்தான் சொன்னேன்.

தெங்கேரா கடற்கரை சேறு. தண்ணீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். மெதுவாக நடந்து போய், அங்கே வலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு மலாய் மீன்காரரைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு முழு ஏற்றம் என்றார். நான் மூப்பரிடம் ஒன்பது மணி என்று சொல்லிவிட்டேன்.

ஜப்பான்காரன் வந்த உடனே எல்லாக் கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைக்கச் சொன்னான். ஒன்றரை மணி நேரம் முன்னால். ஆபீசு, ஆஸ்பத்திரி, எங்கள் சபை எல்லாம் அந்த மணிக்குத்தான் நடந்தது. மீன்காரர்கள் மாற்றவில்லை. கடல் மாறவில்லை, நாங்கள் ஏன் மாற்ற வேண்டும் என்பார்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். அன்றைக்கு நான் அதை நினைக்கவில்லை. என் மனைவிக்கு முன்னால் நிற்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையே வந்தது. அந்தப் பெண் வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். அது சபைச் சேலை. துணி கிடைக்காத காலம். முழுக்கு எடுக்கிற எல்லாரும் அதையே கட்டுவார்கள். நான் வயிற்றை இரண்டு சுற்றுக் கட்டியிருந்தேன்.

தண்ணீர் இல்லை. சேறு பளபளத்தது. கொஞ்சம் தள்ளித் தண்ணீர் நின்றது. பார்த்தாலே தெரிந்தது, முழங்காலுக்கு மேல் இருக்காது. அதற்கும் அப்பால் போனால் சேறு தொடை வரை இழுக்கும்.

மூப்பர் கையை நெற்றிக்கு மேல் வைத்துப் பார்த்தார். “கடல் எங்க ஐயா போச்சு?”

யாரோ சிரித்தார்கள்.

என் மனைவி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். “மீன்காரரு சொன்னது பழைய மணியா இருக்குங்க. தண்ணி ஏறிக்கிட்டுத்தான் இருக்கு. கொஞ்சம் உக்காந்திருப்போம். தானா வந்துடும்.”

அவள் சொன்னது சரி. கால் வைக்கும் முன்பே எனக்கு அது தெரிந்தது. யார் சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருப்பேன். மூப்பர் சொல்லியிருந்தால், அந்தச் செட்டிப் பெரியவர் வந்து சொல்லியிருந்தால் கூட உட்கார்ந்திருப்பேன்.

நான் இறங்கினேன்.

அந்தப் பெண் பின்னால் வந்தாள். தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் நின்றேன்.

“ஐயா, இதுல எப்படி ஐயா முங்குறது?”

“முட்டி போடு.”

போட்டாள். இடுப்பு வரை நனைந்தாள். ஒரு கையை முதுகுக்குக் கொடுத்தேன். மறு கையால் அவள் கைகளைப் பிடித்தேன். குனிந்தேன். குனிந்தபோதே வயிறு எச்சரித்தது. முதல் நாமம் சொன்னேன். பின்னால் சாய்த்தேன். தலைமுடி நனைந்தது. முகம் நனையவில்லை. முகம் நனையாமல் முழுக்கு இல்லை. இன்னும் குனிந்து, இரண்டாவது நாமம் சொல்லி அமுக்கினேன். அவள் முட்டி சேற்றில் வழுக்கியது. ஆள் மொத்தமும் என் கையில் வந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தண்ணீரில் பாரம் இருந்தது. எல்லாப் பாரமும் இருந்தது.

மூன்றாவது நாமத்துக்கு மூச்சு வரவில்லை. வயிற்றில் ஒரு சூடு. அவள் முகம் தண்ணீருக்குள் இருந்தது. கண் திறந்திருந்தது. என்னால் தூக்க முடியவில்லை. விடவும் முடியவில்லை.

பின்னால் தண்ணீர் கலங்கும் சத்தம். என் மனைவி வந்தாள். சேலையோடு வந்தாள். குனியவில்லை. நேராகக் குந்தினாள். அந்தப் பெண்ணின் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தாள். மூன்றாவது நாமத்தை அவள் சொன்னாள். அந்தச் சின்னக் குரலில்தான் சொன்னாள். கரை வரைக்கும் கேட்டது. தொடையால் எழுந்தாள். அந்தப் பெண் தண்ணீரை விட்டு வந்தாள்.

வந்தவள் சேற்றைத் துப்பினாள். கண்ணைத் துடைத்தாள். என் மனைவியைப் பார்த்தாள். பிறகு இருமினாள். பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“ஐயா, உங்க வேட்டி,” என்றாள்.

சிவப்பாக இருந்தது.

மூப்பர் ஒரு மாட்டுவண்டியை நிறுத்தினார். அதில் போட்டுக் கொண்டுபோனார்கள். டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார்.

“இந்தமுறை எந்த லயத்துக்குப் பிரசங்கம் பண்ணினீர்?” என்று கேட்டார். மறுபடி தைத்தார். என்ன நூல் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தேன். மறுபடியும் அதே கட்டில், அதே பலகை. மறுபடியும் ஒரு பக்கமாகத் திரும்பிக் கையை ஊன்றினேன்.

மூப்பர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். நாடாவை உருவிச் சுருட்டினார், அவிழ்த்தார்.

“ஐயா, சபையில ஒரு பேச்சு. ரெண்டு நாமம் நீங்க சொன்னீங்க. மூணாவது அம்மா சொன்னாங்க. எறக்குனது நீங்க, தூக்குனது அம்மா. இது முழுக்கா இல்லையா?”

“நீ என்ன சொல்ற?”

“நான் அம்மாவ ஒண்ணும் குறை சொல்லல. அவங்க வரலேன்னா அந்தப் புள்ள அங்கேயே போயிருக்கும். ஆனா ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல. நீங்க தேறினதும் மறுபடி ஒரு தடவை ஒழுங்காக் குடுத்துட்டா யாரும் பேச மாட்டாங்க.”

ஒழுங்காக. அந்தச் சொல் எனக்கு இனித்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது முழுக்கு அல்ல, பெண்கள் தண்ணீரில் விழுந்து எழுந்தார்கள், அவ்வளவுதான் என்று ஆகிவிடும். எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். நான் முன்னால், அவள் பாயில்.

அவள் மூலையில் கட்டுத்துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு என்ன தோணுது?” என்று கேட்டேன்.

“நீங்கதான் ஊழியக்காரர். நீங்க சொல்றதுதான்.”

அவள் விட்டுக்கொடுத்தாள். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. அங்கேயும் கொடுக்கிறவள் அவளாகவே இருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று மூப்பரை அனுப்பிவிட்டேன்.

அந்த வாரமே அந்தப் பெண் வந்தாள். கையில் துணி மூட்டை. வெளியே அவள் அண்ணன் நின்றான். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

“இன்னிக்குக் கிளம்புறேன் ஐயா. மூப்பர் ஏதோ சொன்னாராம். நான் மறுபடியும் முங்கணுமாம்.”

“அதைத்தான் யோசிச்சிட்டிருக்கேன்.”

“யோசிங்க. ஆனா இப்பவே சொல்லுங்க.”

நான் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

“மறுபடி முங்கச் சொன்னா முங்கிடுவேன் ஐயா. காதுல இன்னும் சேறு இருக்கு, பரவாயில்ல. ஆனா தம்பின்ல கடல் இல்ல. நீங்க அங்க வரப்போறதில்ல. நான் எப்ப இங்க வருவேனோ தெரியாது. அவரு திரும்பி வந்து, எடுத்தியான்னு கேட்டா நான் என்ன சொல்ல? எடுத்தேன்னா, எடுக்கலேன்னா?”

சயாமிலிருந்து யாரும் திரும்பி வந்த செய்தி அதுவரை எங்கள் காதுக்கு வரவில்லை. அது அவளுக்கும் தெரியும். நின்றுகொண்டே இருந்தாள். மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

அடுப்படியில் சத்தம் நின்றது. என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எடுத்தேன்னு சொல்லு,” என்றேன்.

அவள் தலையாட்டினாள். போவாள் என்று நினைத்தேன். போகவில்லை.

“யாரு குடுத்தான்னு கேப்பாரு ஐயா.”

அதோடு விட்டிருக்கலாம் அவள். நான் கூரையைப் பார்த்தேன். பேச வாய் எடுத்தேன். டாக்டர் சொன்னதைவிட மெதுவாகத்தான் குரல் வந்தது.

“ரெண்டு பேரும்னு சொல்லு. ஐயாவும் அம்மாவும்.”

“சரிங்கய்யா,” என்றாள். என்னைக் கும்பிட்டாள். பிறகு அடுப்படிக்குப் போனாள். அங்கேதான் அழுதாள். இரண்டு பேரும் அழுதார்கள். எனக்குக் கேட்டது. என் முன்னால் அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அவள் புருஷன் திரும்பி வந்தானா என்று எனக்குத் தெரியாது. தம்பின் பக்கமிருந்து யாராவது வந்தால் கேட்பேன். யாருக்கும் தெரியவில்லை.

மூப்பரிடம் சொன்னேன். அவர் நாடாவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“அப்படீன்னா இனிமே வர்றவங்களுக்கு?”

“இனிமேயும் அப்படித்தான்.”

“முழுக்குக்கு நிக்கிறவங்கள்லாம் அம்மாவும் வரணும்னு கேப்பாங்களே ஐயா.”

“கேக்கட்டும்.”

கேட்டார்கள். நான் தேறி எழுந்தபின் மறுபடி பிரசங்கம் செய்தேன். பழைய தொண்டை முழுசாக வரவில்லை, பாதி வந்தது. எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். நான் முடித்ததும் என் மனைவி பாயில் இருந்தபடியே, “எது விளங்கல?” என்று கேட்பாள். அதற்குப் பிறகுதான் சபையில் உயிர் வரும். நான் மேசையருகே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். சில நேரம் எனக்கும் விளங்காதது ஒன்று இருக்கும். நான் கேட்டதில்லை.

ஜப்பான்காரன் போகும் வரையிலும், அவன் போன பிறகும் இரண்டு பேரும் சேர்ந்தே தண்ணீரில் இறங்கினோம். நான் வலது பக்கம், அவள் இடது பக்கம். இரண்டு நாமம் நான், ஒரு நாமம் அவள். எழுந்து வருகிறவர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதலில் அவள் பக்கம் திரும்புவார்கள். கரை அந்தப் பக்கம் இருப்பதால் அப்படித் திரும்புகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்று பக்கம் மாற்றி நிற்போம் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மாறி நின்றாள். ஒரு பையன் முழுகி எழுந்தான். கண்ணைத் துடைத்தான். அவள் எங்கே என்று தேடித் திரும்பினான்.